மிஞ்சிய வீட்டு மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்கலாமா? அரசு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலார் வைத்தவர்கள், வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், சின்னக் காற்றாலையோ சாண எரிவாயு ஜெனரேட்டரோ ஓட்டுபவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள்: மிஞ்சும் கரண்டை நானே ஒருவருக்கு விற்க முடியாதா? விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அரசுகள் மல்லுக்கட்டும் சிக்கல்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைச் சுற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வீட்டுக்கு வீடு மின்சாரம் விற்பது என்றால் சரியாக என்ன?

உங்கள் கூரையில் உண்டாகும் மின்சாரத்தில் நீங்கள் பயன்படுத்தியது போக மிச்சம், மீட்டர் வழியாகப் பொதுக் கம்பிக்குப் போகிறது. வழக்கமாக அதை வாங்குவது மின் விநியோக நிறுவனம்தான். விலையை அரசோ ஒழுங்குமுறை ஆணையமோ நிர்ணயிக்கும். வீட்டுக்கு வீடு விற்பனையில் வாங்குபவர் யார், விலை என்ன என்பதை நீங்களும் அவரும் முடிவு செய்கிறீர்கள். இதற்குப் பியர்-டு-பியர் வர்த்தகம், சுருக்கமாக பி2பி, என்று பெயர். நடுவில் ஒரு கணக்குத் தளம் இருக்கும். கம்பி மட்டும் பழைய நிறுவனத்துடையதாகவே இருக்கும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் கூரையில் உண்டான கரண்ட் நிஜமாகவே நான் விற்ற வீட்டுக்குத்தான் போகிறதா?

இல்லை. மின்சாரத்துக்கு ஒப்பந்தம் தெரியாது. குளத்தின் ஒரு கரையில் ஒருவர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார், மறுகரையில் இன்னொருவர் ஒரு குடம் மொள்கிறார். ஊற்றிய அதே தண்ணீர்தான் மொள்ளப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை, கணக்கு சரியாக இருந்தால் போதும். அதே கதைதான் இங்கேயும். நீங்கள் கம்பியில் ஏற்றிய மின்சாரம் அந்த நேரத்தில் மிக அருகில் எங்கே தேவை இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். பெரும்பாலும் அது உங்கள் தெருவிலேயே யாரோ ஒருவர் வீடாக இருக்கும்.

ஆகவே விற்பனை என்பது முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்டது. பல நாடுகளில் 15 நிமிடத்துக்கு அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் அளவு எடுக்கப்படுகிறது. அந்த இடைவெளிக்குள் நீங்கள் ஏற்றியதும் அவர் எடுத்ததும் பொருந்தினால் அந்த யூனிட்டுகள் உங்கள் இருவருக்கும் இடையிலான வியாபாரம். பொருந்தாத மிச்சத்தை வழக்கம்போல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

நெட் மீட்டரிங் ஏற்கெனவே இருக்கிறதே, இது அதிலிருந்து எப்படி வேறு?

நெட் மீட்டரிங்கில் நீங்கள் ஏற்றிய யூனிட், எடுத்த யூனிட்டிலிருந்து அப்படியே கழிக்கப்படுகிறது. பகலில் ஏற்றிய 5 யூனிட்டுக்கு இரவில் 5 யூனிட் இலவசம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1983ல் 40 கிலோவாட்டுக்கும் குறைவான சிறு உற்பத்தியாளர்களுக்கு இதைச் சட்டமாகக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே, 1978ல், பர்ப்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து மின் நிறுவனங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தது.

நெட் பில்லிங் என்பது இன்னொன்று. ஏற்றுவதற்கு ஒரு விலை, எடுப்பதற்கு வேறு விலை. ஏற்றும் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கலிபோர்னியா 2023 ஏப்ரலில் புதிய இணைப்புகளை இதற்கு மாற்றியபோது ஏற்றும் யூனிட்டுக்குக் கிடைத்த மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு சரிந்தது.

மூன்றாவது, நிலையான கொள்முதல் விலை. ஜெர்மனி 1991ல் அமலுக்கு வந்த சட்டத்தில் இதைத் தொடங்கி, 2000ல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் 20 ஆண்டு உத்தரவாதமாகவே ஆக்கியது.

இந்த மூன்றிலும் வாங்குபவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பி2பியில் தேர்ந்தெடுக்கிறீர்கள். கூடவே அந்த வாங்குபவர் நாளைக்கே விலகிவிடலாம் என்ற ஆபத்தையும் ஏற்கிறீர்கள்.

அப்படியானால் எங்கும் பி2பி பரவாதது ஏன்? தொழில்நுட்பம் போதவில்லையா?

தொழில்நுட்பம் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது. ஒரு கற்பனை எண்ணிக்கை போட்டுப் பார்ப்போம்.

சில்லறை விலை யூனிட்டுக்கு 100 என்று வையுங்கள். அதில் மின்சாரத்தின் விலை 45, கம்பிக்கான கட்டணம் 35, வரியும் இதர வசூலும் 20.

நெட் மீட்டரிங் இருக்கும் ஊரில் உங்கள் யூனிட்டுக்கு நிறுவனமே முழு 100ஐத் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 100க்கு மேல் உங்களுக்கு எதற்குத் தருவார்? கடையிலேயே 100க்குக் கிடைக்கிறதே. ஆக அங்கே விற்பனைக்கு வேலையே இல்லை. நெட் மீட்டரிங் தாராளமாக இருக்கும் இடத்தில் அண்டை வீட்டு வர்த்தகம் முளைக்காது. அது குறையோ நிறையோ அல்ல, வெறும் கணக்கு.

இப்போது நெட் பில்லிங் வந்து, ஏற்றும் விலை 40 ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 100 கொடுத்து வாங்குகிறார். நடுவில் 60 இடைவெளி. வியாபாரத்துக்கு இடம் பிறந்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் உங்கள் யூனிட்டும் அதே கம்பியில்தான் போகிறது. 35ஐயும் 20ஐயும் முழுதாகக் கட்டச் சொன்னால் அவர் தரும் 100ல் உங்களிடம் வந்து சேர்வது 45. நிறுவனத்திடம் விற்றிருந்தால் 40. ஆக இவ்வளவு ஏற்பாட்டுக்கும் மிஞ்சுவது 5. அதை நீங்களும் அவரும் பிரித்துக்கொள்ள வேண்டும், தளம் நடத்துபவர் தரகு எடுக்க வேண்டும். யாருக்கும் கட்டுப்படியாகாது.

கம்பிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தால்? மிஞ்சுவது 22.5 ஆகிறது. உடனே மூவருக்கும் ஏதோ கையில் நிற்கிறது. அதனால்தான் ஒரு நாட்டின் பி2பி கொள்கையை மதிப்பிட நான் முதலில் தேடுவது கம்பிக் கட்டணம் பற்றிய பத்தியைத்தான். செயலி, டிஜிட்டல் சந்தை என்று எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியில் சலுகை இல்லையென்றால் மீதியைப் படித்துப் பெரிய பயன் இல்லை.

கம்பியை நான் பத்து மீட்டர்தான் பயன்படுத்துகிறேன். முழுக் கட்டணம் ஏன் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி, ஆனால் பதில் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் இது: உங்கள் யூனிட் உயர் அழுத்தக் கோபுரங்களையும் துணை மின்நிலையங்களையும் தொடவில்லை. ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே உண்டாகி அங்கேயே தீர்ந்துவிட்டது. வழியில் வீணாகும் மின்சாரமும் குறைவு. தொலைவிலிருந்து வரும் மின்சாரத்துக்கு உள்ள அதே கட்டணத்தை இதற்கும் போடுவது பொருந்தவில்லை.

மின் நிறுவனத்தின் பக்கத்து நியாயம் இது: கம்பியின் செலவு பெரும்பாலும் ஓடும் யூனிட்டைப் பொறுத்தது அல்ல. உச்ச நேரத்தில் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைப் பொறுத்தே கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் போடப்படுகின்றன. மத்தியானம் நீங்கள் பக்கத்து வீட்டுக்கு விற்றாலும், சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு வீடும் முழுச் சுமையோடு கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், தொங்கத்தான் போகின்றன. அந்த நேரத்துக்காகக் கட்டிய அமைப்பு உங்களுக்காகவும் காத்திருக்கிறது. நீங்கள் கட்டாத தொகை, கூரை இல்லாதவர், சோலார் வாங்க வசதி இல்லாதவர் ஆகியோர் பில்லில் போய் ஏறும்.

இரண்டாவது வாதத்தை மின் நிறுவனங்கள் வசதிக்கு ஏற்றபடி ஊதிப் பெரிதாக்குவதும் உண்டு. ஸ்பெயின் 2015ல் சொந்தக் கூரையில் உண்டாக்கி அங்கேயே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் கட்டணம் விதிக்கும் ஆணை கொண்டு வந்தது. மக்கள் அதைச் சூரிய வரி என்றே அழைத்தார்கள். 2018 அக்டோபரில் அது நீக்கப்பட்டது. கம்பியையே தொடாத யூனிட்டுக்குக் கட்டணம் கேட்டது எந்தக் கணக்கிலும் நிற்காது.

நடுவழி கண்ட நாடுகளில் ஆஸ்திரியாவைக் குறிப்பிட வேண்டும். 2021ல் வந்த சட்டத்தின்படி அங்கே வீடுகளும் சிறு நிறுவனங்களும் சேர்ந்து ஆற்றல் சமூகம் அமைக்கலாம். எல்லாரும் ஒரே உள்ளூர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருந்தால், தங்களுக்குள் பகிரும் யூனிட்டுக்கான நெட்வொர்க் கட்டணத்தில் 57 சதவீதம் தள்ளுபடி. சற்றுப் பெரிய வட்டாரம் என்றால் வீடுகளுக்கு 28 சதவீதம். எந்த அளவு கம்பியைப் பயன்படுத்துகிறாயோ அந்த அளவு கொடு என்பதை எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து 2026 முதல் உள்ளூர் மின்சமூகங்களுக்கு 40 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. ஸ்பெயினே பிற்பாடு தூரக் கணக்குக்கு மாறியது: 2019ல் 500 மீட்டருக்குள் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்று தொடங்கி, 2022 கடைசியில் கூரை சோலாருக்கு 2 கிலோமீட்டர் வரை நீட்டியது.

தூரத்தைவிட டிரான்ஸ்ஃபார்மரை எல்லையாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தெருவின் எதிர்ப்பக்கம் 30 மீட்டரில் இருக்கும் வீடு வேறு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கலாம். கம்பிக்கு அது வேறு ஊர் மாதிரி. இருந்தாலும் யார் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறார் என்று சாதாரண மனிதருக்குத் தெரியாது. வரைபடத்தில் வட்டம் போடுவது சுலபம். எனவே அரசுகள் வட்டத்தை விரும்புகின்றன.

பக்கத்து வீட்டுக்கு நானே ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டால்?

வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் இது உரிமமில்லாத விநியோகம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு சர்வீஸ் இணைப்புகளைத் தனி வயரால் கோத்தால், ஒரு வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்சாரம் இருக்கும். லைன்மேன் உயிர் போகும் வேலை அது.

மின்சாரம் விற்க எனக்கு உரிமம் வேண்டுமா?

உண்டாக்குவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். விற்பதற்குத்தான் பிரச்சினை. மின்சாரச் சட்டங்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு நுகர்வோருக்கு விற்கிறவர் யாராக இருந்தாலும் அவர் விநியோகஸ்தர், அவருக்கு உரிமம், கணக்குத் தாக்கல், வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகள் எல்லாம் பொருந்தும். ஐந்து யூனிட் விற்கும் வீட்டுக்காரருக்கும் ஐம்பது லட்சம் வீடுகளுக்கு விற்கும் நிறுவனத்துக்கும் ஒரே விதி.

இந்தியாவில் 2003 மின்சாரச் சட்டம் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றது, விநியோகத்துக்கும் வர்த்தகத்துக்கும் தேவை என்றது. எனவே வீட்டுக்கு வீடு விற்பனைக்கு மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் வாசல் திறந்துவிட வேண்டும். டெல்லி ஆணையம் 2024ல் இதற்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பிரிட்டனில் சிறு விற்பனையாளருக்கு விலக்கு உண்டு: மொத்தம் 5 மெகாவாட் வரை, அதில் வீடுகளுக்கு 2.5 மெகாவாட் வரை, உரிமம் இல்லாமலே விற்கலாம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் பொதுக் கம்பி வழியாக விற்க வேண்டுமானால் கணக்குத் தீர்க்கும் முறைக்குள் வர வேண்டும், அதற்கு உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் வெளியிட்ட புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை இந்த வகையில் பெரிய திருப்பம். தன் கூரையில் உண்டாக்குபவருக்கு மிச்சத்தைச் சேமிக்கவும், பி2பி ஏற்பாடு உட்பட விற்கவும் உரிமை உண்டு என்று சட்ட வாசகமாகவே எழுதியது. 2024ல் வந்த சந்தைச் சீர்திருத்தம் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்வதைத் தனி உரிமையாகச் சேர்த்தது. உறுப்பு நாடுகள் இவற்றைத் தங்கள் சட்டத்தில் சேர்த்த வேகம்தான் ஒரே மாதிரி இல்லை.

விற்றதாக ஒப்புக்கொண்ட நேரத்தில் மேகம் வந்துவிட்டால் யார் பொறுப்பு?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. கிரிட்டில் ஒவ்வொரு நொடியும் உண்டாவதும் செலவாவதும் சமமாக இருந்தாக வேண்டும். நீங்கள் 3 யூனிட் தருவதாகச் சொல்லி 1 தந்தால், மீதி 2 எங்கிருந்தோ வந்துதான் தீரும். அதை வாங்கிச் சமன் செய்வதற்கு ஒரு செலவு உண்டு. அதை யாராவது ஏற்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி விற்கும் வீட்டுக்காரரே அந்தச் செலவுக்குப் பொறுப்பு. ஆனால் அதை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். நடைமுறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அந்த நிறுவனம் அதற்குக் கட்டணம் எடுக்கிறது. மேலே சொன்ன 22.5ல் இன்னொரு துண்டு அப்படிப் போகிறது.

சோதித்துப் பார்க்க நடத்தும் சில முன்னோட்டத் திட்டங்களில் முன்கூட்டி அளவு உறுதி செய்ய வேண்டியதே இல்லை. நடந்து முடிந்த பிறகு 15 நிமிடக் கணக்கைப் பார்த்து, இருந்ததைப் பிரித்து எழுதுவார்கள். வீடுகளுக்கு இதுதான் ஏற்றது. நாளை மத்தியானம் 12 மணிக்கு எத்தனை யூனிட் மிஞ்சும் என்று ஒரு குடும்பத்திடம் கேட்பது கொஞ்சம் அதிகம்.

பிளாக்செயின் இல்லாமல் இது நடக்காதாமே?

நடக்கும். ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அது மட்டும் கட்டாயம். இரு பக்கமும் தனித்தனியாக, குறிப்பிட்ட இடைவெளியில் அளக்கும் மீட்டர் இல்லாமல் பொருத்திப் பார்க்கவே வழியில்லை. பிளாக்செயின் என்பது ஒரே கணக்குப் புத்தகத்தைப் பலர் தங்கள் கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஒரு வழி. மீட்டர் அளவை எடுப்பதும் பில் போடுவதும் உரிமம் பெற்ற ஒரே நிறுவனம் என்றால், எல்லாருக்கும் தெரிந்த சாதாரண தரவுத்தளமே போதும்.

உண்மையில் எங்கே நடந்திருக்கிறது?

நியூயார்க்கின் புரூக்ளினில் 2016 ஏப்ரலில் பிரசிடென்ட் தெருவைச் சேர்ந்த வீடுகளுக்கு இடையே நடந்த விற்பனைதான் உலகம் முழுக்கச் செய்தியானது. எல்ஓ3 எனர்ஜி என்ற நிறுவனம் அதை நடத்தியது. மாநிலச் சட்டப்படி வீட்டுக்காரர் சில்லறை விற்பனை செய்ய முடியாது என்பதால், சந்தை என்ற சொல்லுக்கு ஏற்ற அளவுக்கு அது வளரவே இல்லை.

சுவிட்சர்லாந்தின் வாலென்ஸ்டாட் ஊரில் 37 வீடுகளை வைத்து ஓராண்டு காலம் உள்ளூர்ச் சந்தை நடத்திப் பார்த்தார்கள். வீடுகள் ஏல விலையைத் தாங்களே போடலாம். மலேசியாவில் 2019 நவம்பர் முதல் 2020 ஜூன் வரை அரசு அமைப்பே முன்னோட்டம் நடத்தியது. இந்தியாவில் லக்னோவிலும் டெல்லியிலும் முன்னோட்டங்கள் நடந்தன.

எனக்கு இவற்றில் பங்களாதேஷ் கதைதான் பிடிக்கும். அங்கே 40 லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்து வீடுகள் கிரிட் வருவதற்கு முன்பே சின்ன சோலார் பெட்டிகள் வாங்கியிருந்தன. ஒரு வீட்டில் பேட்டரி நிறைந்து மீதி வெயில் வீணாகும். அடுத்த வீட்டில் விளக்குக்கே போதாது. 2015ல் ஷரியத்பூரில் சோல்ஷேர் என்ற நிறுவனம் அந்த வீடுகளைச் சிறிய நேர்மின்னோட்டக் கம்பியால் இணைத்து, மிஞ்சியவர் விற்கவும் வேண்டியவர் கைபேசிப் பணத்தில் முன்கட்டணம் கட்டி வாங்கவும் வழி செய்தது. பெரிய கம்பி இல்லை, எனவே கம்பிக் கட்டணச் சண்டையும் இல்லை. பிறகு தேசியக் கிரிட் ஊர் ஊராக வந்து சேர்ந்தபோது வீட்டு சோலாருக்கான தேவையே சரிந்துவிட்டது.

நான் வாடகை வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறேன். எனக்குக் கூரையே இல்லை. இதில் என் பங்கு என்ன?

வாங்குபவர் நீங்கள்தான். சோலார் வைத்தவர் எல்லாரும் விற்கத் துடிக்கிறார்கள். வாங்க ஆள் வேண்டாமா?

அதைத் தாண்டி, உரிமையாளராகவும் வழிகள் இருக்கின்றன. எங்கோ ஒரு கட்டடத்தில் பொதுவாகப் போட்ட சோலாரில் பங்கு வாங்கி, அதன் யூனிட்டுகளை உங்கள் பில்லில் கழித்துக்கொள்வது ஒரு வழி. மெய்நிகர் நெட் மீட்டரிங் என்று இதைச் சொல்வார்கள். கிரீஸ் 2018ல் ஆற்றல் சமூகச் சட்டத்தின் வழியாக இதை ஊக்குவித்தது, டெல்லியிலும் விதி உண்டு. ஜெர்மனி 2017ல் வாடகைதாரர் மின்சாரம் என்ற சட்டம் போட்டு, கட்டட உரிமையாளர் கூரையில் உண்டாக்கி அதே கட்டடக் குடித்தனங்களுக்கு விற்றால் ஊக்கத்தொகை தந்தது. ஆனால் காகித வேலை அதிகம் என்பதால் எதிர்பார்த்த அளவு உரிமையாளர்கள் முன்வரவில்லை.

ஒரு கொள்கை கூரை வைத்திருப்பவருக்கு மட்டும் பயன்படுகிறதா, வாடகைக்கு இருப்பவருக்கும் பயன்படுகிறதா என்று பார்த்தால் அதை எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் ஏற்றுவதை நிறுத்தச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா?

உண்டு, பயன்படுத்தியும் இருக்கிறார்கள். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஒரு தெருவே ஏற்றினால் அந்தத் தெருக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். எல்லை தாண்டினால், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் உங்கள் இன்வெர்ட்டரே துண்டித்துக்கொள்ளும். கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்குத்தான் இது அடிக்கடி நடக்கும் என்பது இதில் உள்ள அநியாயம்.

தெற்கு ஆஸ்திரேலியா 2020 செப்டம்பர் முதல் புதிய கூரை சோலார்களைத் தேவைப்பட்டால் தொலைவிலிருந்தே நிறுத்தும் வசதியோடுதான் வைக்க வேண்டும் என்றது. 2021 மார்ச்சில் முதன்முறையாக அதை உபயோகித்தார்கள். பிறகு கொஞ்சம் நாகரிகமான வழி வந்தது: எப்போதும் 1.5 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற நிரந்தரத் தடையை ஏற்கிறீர்களா, அல்லது கம்பியில் இடம் இருக்கும்போது 10 கிலோவாட் வரை ஏற்றி, நெரிசலில் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறீர்களா? வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். 2021ல் ஆஸ்திரேலியாவின் மின்சந்தை விதிகளை வகுக்கும் ஆணையம் இன்னொன்றையும் அனுமதித்தது. ஒரு அடிப்படை அளவு வரை ஏற்றுவது இலவசம், அதற்கு மேல் நெரிசல் நேரத்தில் ஏற்றினால் கட்டணம் போடலாம். கூச்சல் பெரிதாகத்தான் இருந்தது.

கரண்ட் போனால் பக்கத்து வீட்டு சோலாரிலிருந்து எனக்கு வருமா?

வராது. கிரிட் போனதும் எல்லா வீட்டு இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. பேட்டரியும் தனியாகப் பிரிந்து ஓடும் அமைப்பும் இருந்தால் உங்கள் வீடு மட்டும் எரியும்.

பேட்டரியில் சேமித்து, விலை ஏறும் நேரத்தில் விற்கலாமா?

விற்கலாம், அதுதான் வருமானத்துக்கு நல்ல வழியும்கூட. கிரிட்டுக்கு உண்மையில் தேவையான நேரம் சாயங்காலம். கவனிக்க வேண்டியது இரட்டைக் கட்டணம். பேட்டரிக்கு மின்சாரம் எடுக்கும்போது ஒருமுறை கம்பிக் கட்டணம், திருப்பி ஏற்றி இன்னொருவர் பயன்படுத்தும்போது அவரிடம் மறுபடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 மின்சந்தை நெறிமுறை, வீட்டு வளாகத்துக்குள்ளேயே சேமித்த மின்சாரத்துக்கும் கிரிட்டுக்கு உதவி செய்யும்போதும் இப்படி இருமுறை வசூலிக்கத் தடை போட்டிருக்கிறது. உங்கள் நாட்டு விதியில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் பேட்டரிக் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை போட்டுப் பாருங்கள்.

வரி கட்ட வேண்டுமா?

தொடர்ந்து விற்றால் அது வியாபாரம் என்ற பார்வை இருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2013ல் ஓர் ஆஸ்திரிய வீட்டுக்காரர் வழக்கில், கூரையிலிருந்து தொடர்ச்சியாகக் கிரிட்டுக்கு விற்று வருமானம் பெறுவது மதிப்புக்கூட்டு வரிக்கு உட்பட்ட பொருளாதார நடவடிக்கை என்று தீர்ப்புச் சொன்னது. இந்தச் சின்ன வருமானத்துக்காகக் கணக்குத் தாக்கல் செய்ய அஞ்சியே பலர் ஒதுங்கினார்கள். ஜெர்மனி அதை உணர்ந்து, வீட்டுக் கூரையில் 30 கிலோவாட் வரையிலான சோலார் வருமானத்துக்கு 2022 முதல் வருமான வரி இல்லை என்றது, 2023 முதல் வீட்டு சோலார் வாங்கும்போது மதிப்புக்கூட்டு வரியையும் பூஜ்ஜியமாக்கியது.

இன்றைய விதியை நம்பிப் பணம் போட்ட பிறகு விதி மாறினால்?

மாறும். சோலார் பலகை 25 ஆண்டு உழைக்கும், அரசு கொள்கை அவ்வளவு காலம் உழைக்காது. நெதர்லாந்தில் வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் இருந்த நெட் மீட்டரிங் 2027 ஜனவரி 1ல் எல்லாருக்கும் முடிகிறது, ஏற்கெனவே வைத்தவர்களுக்கும் சேர்த்து. பிரேசில் வேறு வழியில் போனது. 2022ல் கம்பிக் கட்டணத்தைப் படிப்படியாகச் சேர்க்கும் சட்டம் போட்டபோது, அதற்கு முன் இணைந்தவர்களுக்குப் பழைய விதி 2045 வரை தொடரும் என்று எழுதிக் கொடுத்தது. ஜப்பானில் வீடுகளுக்கான உயர்ந்த கொள்முதல் விலை பத்து ஆண்டுதான். முதல் தொகுதி வீடுகளுக்கு 2019 நவம்பரில் அது முடிந்தது, பிறகு அவர்கள் விற்க இடம் தேட வேண்டியிருந்தது. பி2பி மீது அங்கே ஆர்வம் பிறந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

அரசு திட்டத்தைத் தொடங்கும்போது சலுகை எவ்வளவு என்று பார்ப்பவர்கள் அதிகம். எவ்வளவு காலம், யாருக்கு மாறாது என்று கேட்பவர்கள் குறைவு.

சரி, என் ஊரில் இப்படி ஒரு தளம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் மிச்சத்துக்கு நிறுவனம் இப்போது என்ன விலை தருகிறது என்று முதலில் பில்லில் பாருங்கள். தளம் காட்டும் விலையிலிருந்து கம்பிக் கட்டணம், வரி, தரகு எல்லாம் கழித்துக் கையில் வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லாபம். அப்புறம், இதில் சேர்ந்தால் நெட் மீட்டரிங் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமா, பிடிக்காவிட்டால் பழைய ஏற்பாட்டுக்கே திரும்ப முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் திரும்ப முடியாது, புது விதியில்தான் மறுபடி சேர வேண்டும்.

மீட்டர் தரவு யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். 15 நிமிட அளவைப் பார்த்தால் நீங்கள் எப்போது எழுகிறீர்கள், வீட்டில் யாரும் இல்லாத நாள் எது என்பதெல்லாம் தெரியும். வாங்குபவர் பணம் கட்டத் தவறினால் யார் தருவது, தளமே மூடிவிட்டால் அன்றைய யூனிட்டுகள் தானாக நிறுவனத்தின் கணக்கில் சேருமா என்ற இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் வரி இருக்க வேண்டும். வாங்கும் பக்கம் இருப்பவர் கேட்க வேண்டியது இன்னும் குறைவு: விற்பவர் வீட்டில் மழைக்காலம் முழுக்க மின்சாரம் மிஞ்சாவிட்டால், மீதி யூனிட்டுகளை எனக்கு யார், என்ன விலைக்குத் தருவார்?